மாரிச் சேற்றில் முதல் ட்ரையத்லன்: விண்ணப்பம் முதல் கால் கழுவுவது வரை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதுதான் ட்ரையத்லன். முதல் மாரியில் நான் சைக்கிள் பகுதியின் ஒன்பதாவது கிலோமீற்றரோடு போட்டியை விட்டேன். நீச்சலை ஒழுங்காக முடித்திருந்தேன். காலில் பலமும் மிச்சம் இருந்தது. பின்சில்லுதான் சுற்றவில்லை. பிரேக்குக்கும் ரயருக்கும் நடுவில் களி அடைந்து, சீமெந்து வைத்துப் பூசியதுபோல இறுகிவிட்டது. குச்சியால் தோண்டினேன், இருபது மீற்றர் போனேன், மறுபடி இறுகியது. நாலு தடவை அப்படிச் செய்த பிறகு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அடுத்த மாரியில் அதே குளத்தோரம், அதே சேறு. இந்தமுறை போட்டியைக் கடைசிவரை முடித்தேன். இடையில் என் வேகம் பெரிதாகக் கூடிவிடவில்லை. ரயரை மாற்றினேன், மட்காட்டைக் கழற்றினேன், கடதாசிகளை நேரத்துக்கு எடுத்தேன், எங்கே பழகலாம் என்று ஊராட்களைக் கேட்டேன். சேற்றுப் போட்டியில் பாதி வேலை தொடக்கக் கோட்டுக்கு வருவதற்கு முன்னமே முடிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இந்த மாரியில் முதல்முறை இறங்க நினைத்தால், நான் பட்ட பாடு அவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் தூரத்தையும் விதியையும் பாருங்கள்

குளத்திலோ கடலிலோ நீந்தி, மலைச் சைக்கிளில் மண்பாதையைக் கடந்து, கடைசியில் மண்பாதையிலேயே ஓடி முடிப்பதுதான் இந்தப் போட்டி. மூன்றுக்கும் நடுவே கடிகாரம் நிற்காது. சர்வதேச விதிகளில் இதைக் குறோஸ் ட்ரையத்லன் என்பார்கள். முழுத் தூரம் என்றால் 1 முதல் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 20 முதல் 30 கிலோமீற்றர் சைக்கிள், 6 முதல் 10 கிலோமீற்றர் ஓட்டம். எக்ஸ்ரெறா என்ற உலகத் தொடரில் வழக்கமான அளவு 1.5, 30, 10.

முதல்முறை போகிறவர் முழுத் தூரத்தில் கை வைக்க வேண்டாம். பாதித் தூரமோ அதற்கும் குறைந்ததோ இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். நான் ஓடியது 500 மீற்றர் நீச்சல், 15 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். கோடையில் அந்த 15 கிலோமீற்றரைச் சைக்கிளில் 50 நிமிடத்தில் ஓடிவிடுவேன். போட்டியன்று சேற்றில் 1 மணி 40 நிமிடம் எடுத்தது. இந்தக் கணக்கு தெரியாமல் சாப்பாடு, தண்ணீர், நேர எல்லை எதையும் திட்டமிட முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் நாலு கேள்வி கேளுங்கள். சைக்கிள் பகுதிக்கு நேர எல்லை எவ்வளவு, அது காய்ந்த தரைக்கு வைத்ததா ஈரத்துக்கு வைத்ததா? குளம் நிரம்பி வான் பாய்ந்தால் நீச்சலை நிறுத்திவிட்டு ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று மாற்றுவார்களா? போட்டி தள்ளிப்போனால் கட்டணம் அடுத்த திகதிக்குச் செல்லுமா? நீச்சலில் எத்தனை வள்ளம், எத்தனை உயிர்காப்பாளர் நிற்பார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள்.

2. நாட்களை எண்ணுங்கள்

வன்னியில் மழை ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கொட்டி, தையில் ஓயும். போட்டி மார்கழியில் என்றால் ஆயத்தம் புரட்டாதியிலேயே தொடங்க வேண்டும்.

பன்னிரண்டு கிழமை இருக்கும்போது நீச்சலும் ஓட்டமும். எட்டுக் கிழமை இருக்கும்போது சைக்கிளுக்குத் தேவையான சாமான்களுக்குச் சொல்லிவைத்தல். சேற்று ரயர் எங்களூர்க் கடையில் தொங்கிக்கொண்டிருக்காது, எனக்கு வந்துசேர மூன்று கிழமை ஆனது. முதல் மழை விழுந்ததும் சேற்றில் பழகல், கிழமைக்கு ஒருநாள் போதும். நாலு கிழமை இருக்கும்போது மருத்துவச் சான்றிதழ். இரண்டு கிழமை இருக்கும்போது எலிக்காய்ச்சல் மாத்திரை பற்றி மருத்துவரோடு கதைத்தல். கடைசிக் கிழமையில் சைக்கிளில் எதையும் புதிதாக மாற்றக்கூடாது.

3. கடதாசிகள்

எனக்கு அதிகம் தலையிடி தந்தது இதுதான்.

தேசிய அடையாள அட்டை: மூலமும் இரண்டு பிரதியும். பிரதியைப் பொலித்தீன் உறையில் வையுங்கள், பதிவு மேசை பெரும்பாலும் மழைக்குள் ஒரு தகரக் கொட்டிலின் கீழ்தான் இருக்கும். அடையாள அட்டை தொலைந்து புதியதற்கு விண்ணப்பித்திருந்தால் அந்தப் பற்றுச்சீட்டை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மருத்துவச் சான்றிதழ்: மருத்துவச் சபையில் பதிவுபெற்ற மருத்துவரின் கையொப்பம், பதிவிலக்கத்தோடு முத்திரை, திகதி மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். "உடல்நலத்தோடு இருக்கிறார்" என்று மட்டும் எழுதினால் போதாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்ற மூன்றிலும் பங்குபற்றத் தகுதியானவர் என்று எழுதும்படி கேளுங்கள். முதல் வருடம் நான் விட்ட பிழை, இரண்டு மாதத்துக்கு முன்பே ஓடிப்போய் எடுத்தது. போட்டிக்கு 30 நாளுக்குள் எடுத்த சான்றிதழ்தான் செல்லும் என்று விதித்தாளின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, நான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டேன். கடைசிக் கிழமையில் திரும்பப் போனால் அந்த மருத்துவர் விடுமுறையில். வேறொருவரிடம் முழுப் பரிசோதனையும் மறுபடி செய்து, மறுபடி காசும் கட்டினேன். நாற்பது வயதைத் தாண்டியவர், நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ எப்போதாவது வந்தவர், கேட்காவிட்டாலும் ஒரு ஈசீஜீ எடுத்துவிடுங்கள்.

பொறுப்பேற்புப் படிவம்: விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது என்று சொல்லும் தாள். வாசிக்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம். சைக்கிள் உடைந்தால் யார் பொறுப்பு, அம்புலன்ஸ் நிற்குமா, காப்புறுதி இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தாயோ தகப்பனோ கையொப்பமிட வேண்டும். சில இடத்தில் சமாதான நீதவானின் முத்திரையும் கேட்பார்கள். அதற்கு ஒருநாள் ஒதுக்குங்கள்.

உள்ளூர்ப் பிரிவில் ஓடுவதென்றால் வதிவிடச் சான்றிதழ் கேட்கக்கூடும். கிராம அலுவலர் தந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ள நிவாரண வேலை வந்துவிட்டால் அந்த அலுவலர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புரட்டாதியிலேயே வாங்கி வையுங்கள்.

சைக்கிள் வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதியையும் சட்டக இலக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருப்பது நல்லது. யாரும் கேட்பதில்லை. ஆனால் நூறு சைக்கிள் ஒரே சேற்று நிறத்தில் நிற்கும்போது உங்களுடையதை நிரூபிக்க அதுதான் வழி.

4. செலவு

போன மாரியில் எனக்குப் போனதை அப்படியே தருகிறேன். விலை மாறும், இதை ஓர் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் 5,000 ரூபாய். மருத்துவச் சான்றிதழும் ஈசீஜீயும் 3,000. ரயர் இரண்டு 9,000. டிஸ்க் பிரேக் பட்டை இரண்டு சோடி 2,400. செயின் எண்ணெய் 1,500. நீச்சல் கண்ணாடி 2,500. நாலுபேர் சேர்ந்து பிடித்த பட்டா என்ற சிறு லொறியில் என் பங்கு 4,000. போட்டி முடிந்த பிறகு சைக்கிளைப் பிரித்துக் கழுவி, பெயாரிங் மாற்ற 5,500. மொத்தம் 32,900 ரூபாய், சைக்கிளின் விலை சேராமல்.

கடைசித் தொகையைத்தான் புதிதாகப் போகிறவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சேறும் மணலும் சில்லின் குடத்துக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் போகும். கையில் இருந்த காசெல்லாவற்றையும் ரயரில் போட்டுவிட்டால், போட்டிக்குப் பிறகு சைக்கிள் ஒரு மாதம் சுவரோடு சாய்ந்துதான் நிற்கும். சைக்கிள் இல்லாதவர் முதல் போட்டிக்காகப் புதிதாக வாங்க வேண்டாம், இரவல் வாங்குங்கள். ஆனால் கொடுப்பவரிடம் சேற்றில் ஓடப்போகிறேன் என்று சொல்லியே வாங்குங்கள், கழுவிப் பூட்டும் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. எங்கே பழகுவது: இதில் மட்டும் துணிச்சல் வேண்டாம்

வேறு நாட்டில் இந்த விளையாட்டுக்காரர் பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் புதுத்தடம் தேடுவதைப் பெருமையாகச் சொல்வார்கள். வன்னியில் அதைச் செய்யக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் இருக்கின்றன. சிவப்புப் பலகையும் மண்டையோட்டுப் படமும் கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: இன்று காலை மாடோ மனிதரோ லான்ட்மாஸ்டரோ (கை உழவு இயந்திரம்) போன தடத்தில் மட்டும் சில்லு படட்டும். நடுப்பாதையில் பெரிய நீர்க்குழி கிடந்தால் பற்றைக்குள்ளால் சுற்றிப் போகத் தோன்றும். போகாதீர்கள். குழிக்குள்ளாலேயே இறங்கி நடங்கள். வெள்ளம் மண்ணைக் கரைத்துப் பழைய பொருட்களை வெளியே கொண்டுவரும். அறியாத இரும்புத் துண்டு எதையும் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி 119 இல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது யானை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கத்துக் காட்டுப்பாதைகளில் விடிய முன்னும் பொழுதுபட்ட பின்னும் தனியே சைக்கிள் ஓடாதீர்கள். மழை இரைச்சலில் உங்களுக்கு யானையின் சத்தமும் கேட்காது, யானைக்கு உங்கள் சத்தமும் கேட்காது.

குளக்கட்டு நேராகவும் உயரமாகவும் இருப்பதால் பழகுவதற்கு ஆசையாக இருக்கும். மழையில் அதன்மேல் ஏறாதீர்கள். சில்லுத் தடத்தில் தண்ணீர் தேங்கி இறங்கும், அந்தத் தடமே அரிப்புக்கு வாய்க்காலாகும். அந்தக் கட்டை நம்பித்தான் கீழே வயல் கிடக்கிறது. விதைத்த வயலின் வரம்புகளும் அப்படித்தான், பெரும்போகம் நடக்கும் காலம் அது. எங்கள் ஊரில் கமக்கார அமைப்பின் தலைவரிடம் போய்க் கேட்டபோது, "வாய்க்கால் றோட்டாலை ஓடு பிள்ளை, அது கிரவல், ஒண்டும் ஆகாது" என்று அவரே இடம் காட்டினார். கேட்டால் தருவார்கள். கேட்காமல் ஓடினால் அடுத்த வருடம் போட்டிக்கே இடம் இருக்காது.

பழகப் போகும்போது இரண்டுபேராகப் போங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் கூப்பிடும்போது இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். எந்தச் சந்தி, எந்தக் கோயில், எத்தனையாம் வாய்க்கால் என்று புறப்பட முன்னமே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. எலிக்காய்ச்சல்

இதை இலேசாக எடுக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரில் வரும் கிருமி, மழைத் தண்ணீரோடு சேற்றிலும் குளத்திலும் கலக்கிறது. காலில் ஒரு கீறல் இருந்தாலும் அதனால் உள்ளே போகும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். 1998 இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் நடந்த ஒரு ட்ரையத்லனில் ஓடியவர்கள் பலருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. போட்டிக்கு முன் அங்கே பெருமழை பெய்திருந்தது. நீந்தும்போது ஏரித் தண்ணீரை விழுங்கியவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். எங்கள் குளத்தையும் மாரியையும் நினைத்துப் பாருங்கள்.

வயலில் இறங்கும் கமக்காரர்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற மாத்திரையை முற்காப்பாகக் கொடுக்கும் வழக்கம் இலங்கையில் இருக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ போய், சேற்றிலும் குளத்திலும் போட்டி இருக்கிறது என்று விவரம் சொல்லிக் கேளுங்கள். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் என்பது வழக்கமான முற்காப்பு அளவு, ஆனால் உங்களுக்கு அது பொருந்துமா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது ஆகாது. சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போட்டு, உடனே படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் நெஞ்செரிவு வரும். வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கவும் செய்யும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

மாத்திரை போட்டாலும் காலில் திறந்த புண் இருந்தால் இறங்க வேண்டாம். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

7. சைக்கிளைச் சேற்றுக்கு ஆயத்தம் செய்தல்

முதலில் கழற்றுங்கள். மட்காட், கரியர், ஸ்டாண்ட், முன்கூடை எல்லாம். சேறு பிடித்து நிற்க இடம் தேடும், மட்காட்டைப் போல வசதியான இடம் அதற்கு வேறில்லை. பிறகு ரயருக்கும் சட்டகத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஒடுங்கிய ரயர் போடுங்கள். பருத்த ரயர்தான் சேற்றுக்கு நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். முதல் வருடம் என் சில்லு இறுகியதற்கு அந்த 2.35 அங்குல ரயர்தான் காரணம். ஈரக் களியில் 2 அங்குலம் போதும். பல்லுகள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருந்தால் மேல்சேற்றை வெட்டிக்கொண்டு கீழே உள்ள இறுகிய தரையைப் பிடிக்கும், சுற்றும்போது மண்ணை உதறியும் விடும்.

மண்ணைப் பார்த்து ஓடுங்கள். கிரவலும் செம்மண்ணும் மேலே வழுக்கும், ஆனால் அடியில் தரை இருக்கும். அங்கே பயப்படாமல் மிதிக்கலாம். முருங்கன், துணுக்காய் பக்கங்களில் கிடக்கும் கரிய களி வேறு விதம். நனைந்ததும் பசைபோல ஒட்டும், ஒவ்வொரு சுற்றிலும் சில்லு பருத்துக்கொண்டே போகும். அந்த மண்ணில் தண்ணீர் தேங்கிய தடமே உங்களுக்கு உதவி. அரைகுறையாகக் காய்ந்த சேறுதான் ஒட்டும், தண்ணீர் நிற்கும் இடத்தில் சில்லு கழுவுப்படும்.

காற்று: நான் 60 கிலோ. முன்சில்லுக்கு 26, பின்சில்லுக்கு 28 பிஎஸ்ஐ வைத்தேன், ரியூப் போட்ட ரயரில். இன்னும் குறைத்தால் பிடிப்புக் கூடும்தான், ஆனால் வேரிலோ கல்லிலோ இடிபட்டால் ரியூப் ரிம்மில் நசிந்து இரண்டு ஓட்டை விழும். உங்கள் நிறைக்கு ஏற்றதைப் பழகும்போதே கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள். காற்றடிக்கும் கடையில் கைப்பெருவிரலால் அமத்திப் பார்க்கும் கணக்கு இதற்குச் சரிவராது, அளவு காட்டும் பம்ப் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

பிரேக்: டிஸ்க் இருந்தால் நிம்மதி. ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை என்றால் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். மணல் கலந்த சேற்றில் ஒரே போட்டியில் அவை தேய்ந்து இரும்பு தெரியும்.

செயின்: தையல் மிஷின் எண்ணெய் முதல் குழியோடு கழுவுப்பட்டுப் போய்விடும். பழைய என்ஜின் ஒயில் மணலை எல்லாம் இழுத்து ஒட்டவைக்கும். ஈரத்துக்கென்று விற்கும் செயின் எண்ணெய் ஒரு சிறு போத்தல் இரண்டு மூன்று போட்டிக்கு வரும். முதல்நாள் இரவு விட்டு, காலையில் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். சட்டகத்தின் அடிக்குழாயில் மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் பூசினால் சேறு எளிதில் ஒட்டாது. அந்தக் கையை டிஸ்க்கிலோ ரிம்மிலோ வைத்துவிடாதீர்கள், பிரேக் பிடிக்காது.

பெடல்: சப்பாத்தைப் பூட்டும் பெடல் உங்களுக்கு வேண்டாம். பூட்டுக்குள் களி நிறைந்தால் பூட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. முள் வைத்த தட்டைப் பெடல் போடுங்கள். அப்படிப் போட்டால் ஓட்டத்துக்கும் அதே சப்பாத்து, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்கு மாறும் இடத்தில் ஒரு நிமிடம் மிச்சம்.

உடன் கொண்டுபோக வேண்டியவை: ஒரு ரியூப், ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, சிறிய பம்ப், செயின் இணைப்பு ஒன்று, திருகாணிச் சாவித் தொகுதி, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று. பிரஷ்ஷை ரப்பரால் சட்டகத்தில் கட்டுங்கள். கியர் பல்லிலிருந்து மண் எடுக்க அதைவிட நல்ல ஆயுதம் எனக்குக் கிடைக்கவில்லை. வெளியாள் வந்து உதவக்கூடாது என்பது விதி, உங்கள் சைக்கிளை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

தண்ணீர் இரண்டு போத்தல். ஒன்று குடிக்க, ஒன்று செயினில் ஊற்ற. குடிக்கும் போத்தலின் வாய்க்கு மூடி கட்டாயம். முன்சில்லு அடிக்கும் சேறு நேரே போத்தல் வாயில்தான் விழும், அந்தச் சேற்றில் மாட்டுச் சாணமும் இருக்கும். கனடாவில் 2007 இல் சேறு நிறைந்த ஒரு மலைச் சைக்கிள் போட்டிக்குப் பிறகு ஏராளமானோருக்கு வயிற்றோட்டம் வந்தது, வாய்க்குள் போன சேறுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு முதுகுப்பையில் குழாய் வைத்த தண்ணீர் பிடித்திருக்கிறது, சேறு படாது. உள்ளே ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்து வைப்பேன்.

இனி ஓடுவது. மேட்டுக்கு முன்னமே கியரைக் குறையுங்கள், மேட்டில் மிதித்துக்கொண்டு மாற்றினால் செயின் சிக்கும். சீற்றிலிருந்து எழும்பாதீர்கள், உங்கள் நிறைதான் பின்சில்லைத் தரையோடு பிடித்துவைக்கிறது. சேற்றுக்குள் முன்பிரேக்கைச் சடாரென்று பிடிக்காதீர்கள். லான்ட்மாஸ்டர் சில்லு வெட்டிய ஆழத் தடத்தில் விழுந்தால் சரிவாக ஏறி வெளியே வரப் பார்க்க வேண்டாம், முன்சில்லு மாட்டி விழுத்தும். தடம் முடியும்வரை அதோடே போங்கள், முடியாவிட்டால் இறங்குங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டோ தூக்கிக்கொண்டோ போக விதியில் இடம் இருக்கிறது. உங்கள் நடை வேகத்துக்குச் சைக்கிள் குறைந்துவிட்டால் உடனே இறங்கி ஓடுங்கள். சுரிக்குள் மிதித்து மிதித்துக் காலைக் களைக்க வைத்தவர்களைத்தான் கடைசி ஓட்டத்தில் நான் முந்தினேன். பின்பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டால் மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள். குச்சி சிக்கியிருக்கும், மிதித்தால் கியர்க்கை முறியும்.

8. நீச்சல்

கிணற்றில் நீந்தத் தெரிந்தவர் குளத்திலும் நீந்துவார் என்று நினைக்க வேண்டாம். மாரிக் குளம் தேத்தண்ணி நிறம். முகத்தை வைத்தால் உங்கள் கையே தெரியாது. ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை தலையை உயர்த்திக் கரையில் நிற்கும் பெரிய மரம் ஒன்றைப் பாருங்கள், மிதவையை நம்பினால் அலைக்குள் காணாமல் போகும். பழகும்போது கண்ணை மூடிப் பத்து வீச்சு நீந்தி, எந்தப் பக்கம் இழுபடுகிறீர்கள் என்று பாருங்கள். எனக்கு எப்போதும் இடப்பக்கம் இழுக்கும்.

குளத்தில் தனியே பழகவே வேண்டாம். முதலை உள்ள குளங்கள் வன்னியில் நிறைய. துருசுக்கும் (தண்ணீர் திறக்கும் மதகு) வானுக்கும் (மிஞ்சிய தண்ணீர் வழியும் இடம்) கிட்டப் போகாதீர்கள், மேலே அசைவில்லாமல் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும். வெள்ளத்தில் மூழ்கிய பட்ட மரங்களின் கிளை வயிற்றைக் கிழிக்கும். இதெல்லாம் தெரிந்தவர்கள் அந்தக் குளத்தில் மீன் பிடிப்பவர்கள். நான் கேட்ட ஐயா ஒருவர், "விடியப்புறம் வராதை பிள்ளை, வலை எடுக்க முந்திக் காலிலை சுத்தும். எட்டு மணிக்குப் பிறகு வா, நான் வள்ளத்தோடை நிப்பன்" என்றார். அவர் நின்ற நாட்களில் மட்டும் பழகினேன். மாரியில் முல்லைத்தீவுக் கடலில் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த மாதங்களில் அது கொந்தளிக்கும் கடல்.

எங்கள் தண்ணீர் சூடு, நீச்சல் றப்பர் உடுப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தொடக்கத்தில் பின்வரிசையில், ஓரமாக நில்லுங்கள். தண்ணீரை விழுங்காமல் மூச்சு விடுங்கள்.

9. மாறும் இடம்

ஹெல்மட்டின் வார் பூட்டாமல் சைக்கிளில் கை வைத்தால் தண்டனை. ஏறும் கோடு வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இலக்கத் தாள் சைக்கிளில் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் நெஞ்சுப்பக்கம். இடுப்புப் பட்டியில் குத்தினால் சுழற்றிவிடலாம்.

சாமான்களைத் தரையில் பரப்பாதீர்கள், மழை கொண்டுபோய்விடும். மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி ஒன்று போதும். உள்ளே துவாய், வாழைப்பழம், மெல்லிய காலுறை இரண்டு சோடி, வாசலின். கால்விரல்களுக்கு நடுவே வாசலின் தாராளமாகப் பூசுங்கள். பருத்திக் காலுறை வேண்டாம், ஊறிக் கொப்புளம் போடும். ஒரு போத்தல் தண்ணீர் கால் கழுவ.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். உடுப்பு மாற்ற மறைப்பு இருக்கிறதா என்று முதலே கேளுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். முழுக்கை நீச்சல் மேலாடையும் முழங்கால் தாண்டிய இறுக்கமான காற்சட்டையும் போட்டால் மூன்று பகுதிக்கும் அதே உடுப்பு, மாற்றவே தேவையில்லை. முள்ளுக்கும் அது காப்பு. தளர்ந்த உடுப்பு செயினில் மாட்டும்.

10. ஓட்டம்

சின்ன அடி, கால் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். சப்பாத்து நாடாவை இரட்டை முடிச்சுப் போடுங்கள், சுரி சப்பாத்தையே பிடுங்கும். சரிவில் பக்கவாட்டாக இறங்குங்கள். முதல் ஒரு கிலோமீற்றர் கால் மரத்துப்போனதுபோல இருக்கும், நிற்காதீர்கள், தெளியும்.

11. முடிந்த பிறகு

முதலில் உங்களைக் கழுவுங்கள், சைக்கிள் பிறகு. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, கீறல் ஒவ்வொன்றையும் தேடித் தேடிக் கழுவுங்கள். கண்ணை நல்ல தண்ணீரால் அலசுங்கள். கைகழுவ முன் எதையும் வாயில் வைக்காதீர்கள். எவ்வளவு பசியாக இருந்தாலும்தான்.

சைக்கிளை அன்றைக்கே கழுவுங்கள், களி காய்ந்தால் கல்லாகும். வாகனம் கழுவும் அமுக்கக் குழாயைச் சில்லின் குடத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம், வெளியே நின்ற மணலை அது உள்ளே தள்ளும். வாளித் தண்ணீரும் துணியும் போதும். செயினைத் துடைத்து உடனே எண்ணெய் விடுங்கள்.

அடுத்த நாலு கிழமை உடம்பைக் கவனியுங்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினாலு நாளுக்குள் வெளிப்படும், சிலருக்கு ஒரு மாதமும் ஆகலாம். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல். போட்டியில் ஓடிய களைப்பால் வந்த வலி என்று எண்ணிப் பனடோலோடு வீட்டில் கிடக்காதீர்கள். வைத்தியசாலைக்குப் போய், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், "இத்தனையாம் திகதி குளத்தில் நீந்தினேன், சேற்றில் சைக்கிள் ஓடினேன்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.